மோதியவருக்கு 10 வினாடி, மோதப்பட்டவருக்குப் பந்தயமே போச்சு: இது என்ன கணக்கு?

கடைசிச்சுற்று கேட்டது:

வணக்கம். ஃபார்முலா ஒன் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பழைய பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தேன், அன்றிலிருந்து மனது ஆறவில்லை.

முதலாவது 2019 கனடா. வெட்டல் முன்னால் போகிறார், ஹாமில்டன் விடாமல் துரத்துகிறார். வெட்டல் புல்லில் இறங்கித் தடுமாறி, மறுபடி தடத்துக்குள் வரும்போது ஹாமில்டனைச் சுவர்ப் பக்கம் நெருக்கிவிடுகிறார். கார்கள் உரசக்கூட இல்லை. முடிவு நேரத்தோடு 5 வினாடி கூட்டும் பெனால்டி. முடிவுக்கோட்டை முதலில் தாண்டியது வெட்டல், வெற்றி ஹாமில்டனுக்கு.

இரண்டாவது 2021 சில்வர்ஸ்டோன். முதல் சுற்றிலேயே காப்ஸ் வளைவில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் மோதிக்கொள்கிறார்கள். வெர்ஸ்டாப்பனின் கார் டயர் தடுப்பில் போய் 51 ஜி (புவியீர்ப்பைப் போல் 51 மடங்கு) அளவுக்கு அடிக்கிறது, அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். தப்பு பெரும்பாலும் ஹாமில்டன் பக்கம்தான் என்று பந்தய நடுவர்களான ஸ்டீவர்ட்களே சொல்லிவிட்டு, கொடுத்தது 10 வினாடி. அவர் அந்தப் பந்தயத்தை ஜெயித்தே விடுகிறார்.

இடிக்காதவருக்கு வெற்றி கைவிட்டுப் போனது, இடித்தவருக்குக் கோப்பை கிடைத்தது. ஸ்டீவர்ட்கள் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? என்ன சேதம் ஆனது என்பது கணக்கிலேயே வராதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

நிறுத்திப்பார் சொன்னது:

தம்பி, உங்கள் கேள்விக்கு நேர் பதில்: வராது. அடுத்தவரின் கார் என்ன ஆனது என்பது கணக்கில் சேராது. செயல் மட்டும்தான் கணக்கு.

இதை நான் விதிப்புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. நான்கு வருடமாக கணினியில் கார் ஓட்டும் ஒரு இணையவழி சிமுலேட்டர் லீக்கில் ஸ்டீவர்டாக இருக்கிறேன். பந்தயம் முடிந்ததும் புகார்கள் வரும், ரீப்ளேயைத் திறந்து உட்காருவேன். ஆரம்பத்தில் ஒரு பந்தயத்தில், பின்னால் வந்தவரின் மூக்கு முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் லேசாகப் பட்டது. முன்னவரின் கார் மூன்று முறை உருண்டு போய்க் கவிழ்ந்து கிடந்தது. அந்தக் காட்சியைப் பார்த்த கையோடு அடுத்த பந்தயத்துக்குத் தடை போட்டேன். ஒரு மாதம் கழித்து அதே மாதிரி ஒரு தொடுதல், அதே அளவு, கிட்டத்தட்ட அதே கோணம். ஆனால் இரண்டு கார்களும் குலுங்கிவிட்டு நேராக ஓடின. அதற்கு நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. முதலாமவர் எனக்கு ஒரே வரி எழுதினார்: "நான் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றுதானே?" இரண்டு ரீப்ளேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். ஒன்றேதான். நான் தண்டித்தது அவர் ஓட்டிய விதத்தை அல்ல, அடுத்த கார் விழுந்த விதத்தை. அதில் அவருக்குப் பங்கே கிடையாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கார்கள் தொடும் அந்த ஃபிரேமோடு ரீப்ளேயை நிறுத்திவிடுவேன். அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைத் தீர்ப்பை எழுதி முடித்த பிறகுதான் பார்ப்பேன்.

இப்போது காப்ஸை அப்படி நிறுத்திப் பாருங்கள். வெர்ஸ்டாப்பன் வெளிப்பக்கம், கொஞ்சம் முன்னால். ஹாமில்டன் உள்பக்கம், சற்றுப் பின்னால். உள்பக்கம் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் ஹாமில்டனின் கார் போகும் கோடு வளைவின் உள்விளிம்பைத் தொடப் போவதில்லை, வெளியே விலகிக்கொண்டே போகிறது. வெர்ஸ்டாப்பன் உள்ளே திருப்புகிறார். ஹாமில்டனின் முன் இடது சக்கரம் அவருடைய பின் வலது சக்கரத்தில் படுகிறது. ஸ்டீவர்ட்கள் தங்கள் தீர்ப்பில் எழுதியதும் ஏறக்குறைய இவ்வளவுதான். தடுப்பு, 51 ஜி, மருத்துவமனை எதுவும் அதில் எடை போடப்படவில்லை. "பெரும்பாலும் தவறு" என்ற சொல் மட்டும் இருக்கும். ஃபார்முலா ஒன்னில் அந்தச் சொல் முக்கியம். ஒருவர் மேல் முழுத் தவறோ பெரும்பாலான தவறோ இருந்தால்தான் பெனால்டி. இரண்டு பேரும் பாதிப் பாதி என்றால் அது பந்தயத்தில் சகஜமாக நடக்கிற மோதல், யாருக்கும் ஒன்றும் கிடையாது.

அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் ஹாமில்டன் லெக்லேரை முந்தியதும் அதே காப்ஸில்தான். அந்தத் தடவை உள்பக்கம் எவ்வளவு ஒட்டிப் போகிறார் என்று பாருங்கள். முதல் சுற்றில் அவர் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது.

சரி, உங்கள் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். தவறை அளப்பது சரியாகத்தான் நடக்கிறது. தண்டனையை வினாடியில் கொடுப்பதுதான் கோளாறு. டயர் மாற்றும் இடமான பிட்டில் வந்து நிற்கும்போது 10 வினாடி யாரும் காரைத் தொடக் கூடாது, அப்புறம்தான் டயர் மாற்றலாம். பிட்டுக்கு வர வேலை இல்லையென்றால் முடிவு நேரத்தோடு கூட்டிவிடுவார்கள். இந்த 10 வினாடிக்கு நிலையான விலை என்று ஒன்று கிடையாது. வேகமான காரும் மீதி முழுப் பந்தயமும் கையில் இருந்தால் அது ஒரு சிறு தாமதம், சில்வர்ஸ்டோனில் நடந்தது அது. கனடாவில் வெட்டல் கோட்டைத் தாண்டும்போது ஹாமில்டனுக்கும் அவருக்கும் ஒன்றரை வினாடி கூட இடைவெளி இல்லை, ஆகவே 5 வினாடியே வெற்றியை விழுங்கியது. 2025 பார்சிலோனாவில் வெர்ஸ்டாப்பன் ரஸ்ஸலை இடித்தார். கடைசியில், எல்லோரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்து எல்லோரும் நெருங்கி ஓடிய நேரம். அதே 10 வினாடி அவரை ஐந்தாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குத் தள்ளியது.

இன்னும் மோசம் 2024 ஜெட்டா. மாக்னுசனுக்கு இரண்டு 10 வினாடி பெனால்டி விழுந்தது. இனி தனக்குப் புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பின்னால் வந்த கார்களை மெதுவாகத் தேக்கி வைத்தார். அந்த இடைவெளியில் அவருடைய அணியின் இன்னொரு கார், ஹுல்கன்பெர்க், பிட்டுக்குப் போய்விட்டு வந்து பத்தாம் இடத்தில் முடித்து ஒரு புள்ளி எடுத்தார். அங்கே பெனால்டி அந்த அணிக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். எனக்கு இதுதான் வலிக்கிறது, காப்ஸ் அல்ல.

---

ஈரடயர் சொன்னது:

நிறுத்திப்பார் அண்ணா, பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஆனால் விளைவைப் பார்ப்பதே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். 2012 பெல்ஜியம் பந்தயத்தை, ஸ்பாவை மறந்துவிட்டீர்களா? தொடக்கத்திலேயே குரோஷான் வலப்பக்கம் ஒதுங்கி ஹாமில்டனை நெருக்கினார். இரண்டு கார்களும் முதல் வளைவில் போய் விழ, குரோஷானின் கார் அலோன்சோ உட்கார்ந்திருந்த காக்பிட்டுக்கு முன்னால் பறந்து போனது. ஒரு பந்தயத் தடை, 50,000 யூரோ அபராதம். அந்தத் தீர்ப்பிலேயே, சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது என்று ஒரு காரணமாகச் சொல்லியிருந்தார்கள். அது விளைவு இல்லாமல் வேறென்ன?

எனக்கு அது சரியாகவே படுகிறது. கார் ஓட்டுகிறவருக்கு எந்த இடத்தில் ஆபத்து அதிகம் என்று தெரியும். மெதுவான வளைவில் இடிப்பதும் காப்ஸில் இடிப்பதும் ஒன்றா? தெரிந்தே அதிவேக வளைவில் துணிந்தால் அதற்குத் தக்க விலை கொடுக்க வேண்டாமா? இடிபட்டவர் வெளியேறினால் இடித்தவரும் பிட்டுக்குள் நுழைந்து வெளியே வரும் டிரைவ்-த்ரூ தண்டனையாவது அனுபவிக்கட்டும் என்பேன்.

---

நிறுத்திப்பார் சொன்னது:

ஸ்பாவை ஞாபகப்படுத்தியது நல்லது. அந்தத் தீர்ப்பில் அந்த வரி இருந்தது உண்மை. எனக்கு அந்த வரி மட்டும் பிடிக்காது. தடை சரி, தொடக்க நேர்ப்பாதையில் பக்கத்தில் கார் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒதுங்கியது மோசமான தவறு. ஆனால் அங்கே அடிபட்டவர்கள் பட்டியலில் பின்வரிசைக்காரர்களாக இருந்திருந்தால் தவறு சின்னதாகிவிடுமா?

நீங்கள் சொல்லும் இரண்டாவது விஷயத்தை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். அதிவேக வளைவில் துணிவது கூடுதல் தவறு. ஆனால் அது விளைவு அல்ல, அதுவும் செயல்தான். நான் ரீப்ளேயை நிறுத்தும் ஃபிரேமிலேயே வேகமும் வளைவும் தெரிகிறதே. அந்த ஆபத்தை எடை போடலாம், போடவும் வேண்டும். கார் விழுந்த இடத்தைத்தான் போடக் கூடாது. டிரைவ்-த்ரூ பற்றி நீங்கள் சொன்னதற்கும் கை தூக்குகிறேன். தெளிவான, பெரிய தவறுக்கு அதை இன்னும் அடிக்கடி கொடுத்தால், வேகமான காரை வைத்துக்கொண்டு 10 வினாடியை விழுங்கிவிடும் கதை குறையும்.

செயலை மட்டும் பார்ப்பது இன்னொரு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 முதல் பெனால்டி புள்ளிகள் இருக்கின்றன, 12 மாதத்தில் 12 சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. பத்து வருடத்தில் அப்படித் தடை வாங்கிய முதல் ஆள் மாக்னுசன். 2024 மோன்ஸாவில் காஸ்லியோடு ஒரு லேசான உரசல். இரண்டு பேரும் தொடர்ந்து ஓடினார்கள். 10 வினாடி, 2 புள்ளி. ஏற்கெனவே 10 இருந்ததால் 12 ஆகி, பாகு பந்தயம் போனது, அவர் இருக்கையில் பேர்மன் ஓட்டினார். இடிபட்ட காஸ்லியே இது நியாயமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இடித்ததால் என்ன ஆனது என்று பார்க்காதவர்கள், தண்டனையால் என்ன ஆகும் என்றும் பார்க்கவில்லை. மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் அந்த 2 புள்ளியைக் கொடுக்கக் கூடாது என்றால் அந்த உரசலே தவறில்லை என்று சொல்ல வேண்டும், ஏற்கெனவே எத்தனை புள்ளி சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கூடாது.

---

கடைசிச்சுற்று சொன்னது:

ரொம்ப நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. ஸ்டீவர்ட்களே தப்பாகப் பார்த்துவிட்டால்? மேல்முறையீடு உண்டா?

---

நிறுத்திப்பார் சொன்னது:

பந்தயத்துக்குள் கொடுக்கும் நேர பெனால்டிக்கு மேல்முறையீடு கிடையாது. மறுஆய்வு கேட்கலாம். ஆனால் வாசல் ரொம்பக் குறுகல்: கொண்டுவரும் ஆதாரம் புதிதாக இருக்க வேண்டும், முக்கியமாக இருக்க வேண்டும், விஷயத்தோடு சம்பந்தப்பட வேண்டும், தீர்ப்பு நேரத்தில் அந்த அணியின் கையில் கிடைத்திருக்கக் கூடாது. காப்ஸ் மோதலுக்கு வெர்ஸ்டாப்பனின் அணியான ரெட் புல் கேட்டது. தன் இன்னொரு ஓட்டுநர் ஆல்பனைப் பழைய காரில் சில்வர்ஸ்டோனில் ஓட விட்டு ஹாமில்டனின் கோட்டைத் திரும்ப ஓட்டிக் காட்டியது. அது கண்டெடுத்த ஆதாரம் அல்ல, உருவாக்கிய ஆதாரம் என்று தள்ளிவிட்டார்கள்.

ஆனால் 2025 சான்ட்வோர்ட்டில் வாசல் திறந்தது. முதல் வளைவில் சைன்ஸும் லாசனும் மோதினார்கள். சைன்ஸுக்கு 10 வினாடி, 2 புள்ளி. பிறகு வில்லியம்ஸ் அணி கொண்டுவந்தது சைன்ஸின் காரிலிருந்த 360 பாகைக் கேமராப் படமும் லாசனின் காரில் பின்பக்கம் பார்க்கும் கேமராப் படமும். பந்தயத்தின்போது ஸ்டீவர்ட்களிடம் அவை இல்லை. அவற்றைப் பார்த்ததும், லாசனின் கார் ஒரு நொடி பிடி நழுவியதால் நடந்த மோதல், யார் மேலும் பெரும்பாலான தவறு இல்லை என்று மாற்றி எழுதினார்கள். 2 புள்ளியும் எடுக்கப்பட்டது. பிட்டில் நின்ற 10 வினாடியை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு எங்கள் லீக்கில் ஒரு விதி சேர்த்தேன். இரண்டு காக்பிட் காட்சியோடு, முன்னால் போன காரின் பின்பக்கக் காட்சியும் வராமல் நான் தீர்ப்பெழுத மாட்டேன். இரண்டு நாள் தாமதமாகிறது, பரவாயில்லை. பின்பக்கக் காட்சியில்தான் முன்னவரின் காரின் வால் நெளிவது தெரியும், டிவி கோணத்தில் தெரியவே தெரியாது.

இன்னொன்று: முந்துகிறவர் எந்த அளவு வந்திருந்தால் அவருக்கு இடம் விட வேண்டும் என்ற வழிகாட்டியை, பந்தயங்களை நடத்தும் உலக அமைப்பான எஃப்ஐஏ 2025 ஜூனில் பொதுவில் வெளியிட்டது. உள்பக்கம் முந்தினால், வளைவின் உள்விளிம்பை எட்டும் முன்பும் எட்டும்போதும் முன் அச்சு (முன் சக்கரங்கள் இருக்கும் இடம்) அடுத்த காரின் பக்கக் கண்ணாடிக்கு இணையாகவாவது வந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் என்றால் அடுத்த காரின் முன் அச்சையே தாண்டியிருக்க வேண்டும். காரும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், தடத்துக்குள் முடிக்கவும் வேண்டும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய மோதல்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

---

கடைசிச்சுற்று சொன்னது:

காப்ஸ் மோதலைப் பார்த்தேன் அண்ணா. சக்கரம் படும் ஃபிரேமிலேயே நிறுத்தினேன், தடுப்பில் அடிப்பதை வேண்டுமென்றே பார்க்கவில்லை. உள்பக்கம் ஒரு கார் அகலத்துக்கு இடம் கிடக்கிறது, ஹாமில்டனின் கார் அதை விட்டு விலகித்தான் போகிறது. தீர்ப்பு சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வேகத்துக்கு 10 வினாடி போதாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. நான் ஈரடயர் பக்கம், டிரைவ்-த்ரூதான்.