கொமடோர் நிறுவனம் ஏன் மூடப்பட்டது? அப்பாவின் பழைய கணினியும் ஒரு கேள்வியும்

கிராணி மகள்:
வணக்கம். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது, அலமாரியின் மேல்தட்டில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த கொமடோர் 64 கணினி கிடைத்தது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த அப்பா, இரவில் அதைத் தொலைக்காட்சியோடு இணைத்து, செக்ரோல் கணக்கை, அதாவது தொழிலாளர்களின் வருகை, கூலிக் கணக்கைச் சரிபார்ப்பதற்குப் பேசிக் (BASIC) என்ற நிரல்மொழியில் தாமே நிரல் எழுதி ஒலிநாடாவில் பதிந்து வைப்பார். கணினி தயாரானதும் நீலத் திரையில் தெரியும் 38911 என்ற எண் வந்துவிட்டால் நாங்கள் சத்தம் போடக் கூடாது. ஒரு கோடிக்கு மேல் விற்ற கணினியைச் செய்த நிறுவனம் 1994-இல் எப்படி மூடப்பட்டது? விலையைக் குறைத்துக் குறைத்தே அழிந்தது என்கிறார் என் அண்ணன். அது சரியா? இதை இப்போது மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாமா?

பழைய வானொலிக்காரர்:
அம்மா, பழைய அடாப்டரோடு செருகவே வேண்டாம். அதன் உட்பகுதியைப் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேறாது. 5 வோல்ட் தரவேண்டிய பகுதி வயதாகிப் பழுதானால், மின்னழுத்தம் ஏறி நினைவகச் சில்லுகள் எரிந்துவிடும். புதிய அடாப்டர் வாங்கி, மீட்டரில் அளந்த பிறகே இணையுங்கள்.

அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. கொமடோரை நிறுவிய ஜாக் டிராமியேல் தட்டச்சுப்பொறி பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்தவர். 1970-களில் அவர் கால்குலேட்டர் விற்றபோது, சில்லு கொடுத்துவந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமே தன் கால்குலேட்டரை மலிவாகச் சந்தையில் இறக்க, அவருக்குப் பலத்த அடி விழுந்தது. இனிப் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று, 6502 செயலியை 25 டாலருக்கு விற்றுப் பெயர் பெற்றிருந்த சில்லு நிறுவனமான மாஸ் டெக்னாலஜியை 1976-இல் முழுமையாக வாங்கிவிட்டார். அதனால்தான் 64-இன் செயலி, படச் சில்லு, ஒலிச் சில்லு எல்லாம் சொந்தப் பட்டறையிலேயே உருவாயின. 1982-இல் 595 டாலருக்கு வந்த கணினியை அடுத்த ஆண்டே ஏறத்தாழ 200 டாலருக்கு இறக்கவும் முடிந்தது. அந்தப் போட்டியில் தாங்காமல் 1983-இல் வீட்டுக் கணினித் தொழிலை விட்டு விலகியது அதே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்தான். கொமடோரை உயர்த்தியதே அந்த விலைதான்.

நீலத்திரை:
ஐயா சொல்வது சரி; ஆனால், பழைய விலைக்குச் சரக்கெடுத்து வைத்திருந்த கடைக்காரர்கள் அதனால் நட்டப்பட்டு மனம் கசந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரை உட்கார வைத்து விளக்கிச் சொல்ல வேண்டிய அமிகா என்ற கொமடோரின் புதிய கணினி வந்தபோது, அத்தகைய கடைகளின் நம்பிக்கை அந்த நிறுவனத்துக்கு இல்லை.

இருந்தாலும் உண்மையான சரிவு, தலைவர் இர்விங் கோல்டோடு முரண்பட்டு 1984 ஜனவரியில் டிராமியேல் வெளியேறியதில் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. அதே ஆண்டில் வந்த பிளஸ்/4 கணினியில் 64-இன் நிரல்கள் ஓடவில்லை. இருந்த கூட்டத்தைத் தாங்களே வாசலில் நிறுத்திவிட்டார்கள். 1985-இல் வந்த அமிகா 4096 நிறங்களைக் காட்டியது, ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டியது. அத்தகைய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் படச் சில்லுகளில் பெரிய மாற்றம் கொண்டுவர 1992 வரை காத்திருந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அதற்குள் ஐபிஎம் வகைக் கணினிகள் படத்திலும் ஒலியிலும் எட்டிப் பிடித்துவிட்டன. 1994 ஏப்ரலில் நிறுவனத்தையே மூடினார்கள். மறு ஆண்டு பெயரையும் உரிமைகளையும் வாங்கிய ஜெர்மனியின் எஸ்காம் நிறுவனமும் 1996-இல் திவாலானது.

கிராணி மகள்:
இருவருக்கும் நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கடைக்காரர்கள் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, தம் பக்கமே நியாயம் என்கிறார். ஒரு நாடாவின் மேல் அப்பாவின் கையெழுத்தில் "செக்ரோல், மார்ச்" என்று இருக்கிறது. அதை ஓட்டிப் பார்க்கலாமா?

பழைய வானொலிக்காரர்:
பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பாருங்கள் அம்மா. வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டாதீர்கள். சுத்தமாக இருந்தால், நாடாக் கருவியின் தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, வேறொரு நாடாவைப் போட்டுச் சோதித்த பிறகு இதைப் போடுங்கள்.