கா, ல், ம் கட்டைகளுக்கு 'காலம்' ஏன் வருகுது?

வெள்ளவத்தை ரீச்சர்:
பின்னேர வகுப்புக்கு வாற தரம் 3 பிள்ளைகளுக்கு ஃப்ளட்டர்ல (செயலி கட்டுற கருவி) ஒரு சொல் விளையாட்டுச் செய்யிறன். திரையில எழுத்துக் கட்டைகள் வரும். அதுகளால கட்டக்கூடிய சொற்களை மட்டும் பட்டியல்ல இருந்து வடிகட்டவேணும். கா, ல், ம் எண்டு குடுத்தா 'கால்' வருகுது, சரி. ஆனா 'கல்', 'காலம்' ரெண்டும் கூட வருகுது. க கட்டையும் இல்லை, ல கட்டையும் இல்லை! 'காலம்' கட்ட ஏலாம நிக்கிற பிள்ளை தன்னிலதான் பிழை எண்டு நினைக்கும். அது நடக்கவே கூடாது. சொல்லை ஸ்பிளிட் பண்ணி, ஒவ்வொண்டும் கட்டைகளுக்குள்ள இருக்கோ எண்டு பாக்கிறன்.

கொட்டாஞ்சேனை டெவலப்பர்:
ரீச்சர், ஸ்பிளிட்தான் காரணம். வெற்றுச் சரத்தால ('') பிரிச்சா ஃப்ளட்டரின்ர மொழியான டார்ட், சொல்லை யூடிஎஃப்-16 அலகு அலகா, அதாவது கணினி சேமிக்கிற சின்னக் குறியீட்டுத் துண்டுகளா உடைக்கும். கா எண்டது க, ா. ல் எண்டது ல, புள்ளி. உங்கட மூண்டு கட்டையும் உடைஞ்சா க, ா, ல, ம, புள்ளி எல்லாம் கையில இருக்கு. அதுகளால 'காலம்' தாராளமாக் கட்டலாம். ஃப்ளட்டரோடயே வாற கேரக்டர்ஸ் பொதியைப் பாவியுங்கோ. அது கா-வை ஒரே எழுத்தாத் தரும், பிள்ளை எண்ணுற மாதிரியே.

இன்னொண்டு: 'இருக்கோ' எண்டு மட்டும் பாத்தா காணாது, எத்தனை எண்டும் பாக்கவேணும். 'அம்மம்மா'வுக்கு ம் ரெண்டு தேவை. அ, ம், ம, மா எண்டு ஒவ்வொண்டு மட்டும் குடுத்தா அந்தச் சொல் விழவேணும். எழுத்துக்கு எண்ணிக்கை வைக்கிற மேப் ஒண்டு கட்டைகளுக்கு, ஒண்டு சொல்லுக்கு. சொல்லின்ர எண்ணிக்கை எதிலயாவது கூடினா விட்டிடுங்கோ. கட்டைகளை விட நீளமான சொற்களை முதலே கழிச்சா பழைய போன்லயும் இழுபடாது.

தெஹிவளை:
ஆண்ட்ராய்டுக்குக் கொட்லின் மொழியில எழுதுற ஆக்களுக்கு: சொல்லை முழு எழுத்தாப் பிரிக்கிற ஐசியு பிரேக்இட்டரேட்டர் ஆண்ட்ராய்டு 7 தொடக்கம் உள்ளேயே இருக்கு. ஐபோனுக்கு எழுதுற ஸ்விஃப்ட் மொழியில கேரக்டர் எண்டாலே முழு எழுத்துத்தான்.

வெள்ளவத்தை ரீச்சர்:
'காலம்' இப்ப வரேல்லை, நன்றி அண்ணா! ஆனா கொ, ழு, ம், பு நாலும் குடுத்தும் 'கொழும்பு' வரமாட்டன் எண்டுது. பட்டியல்ல சொல் இருக்கு, கண்ணால பாக்கிறன்.

கொட்டாஞ்சேனை டெவலப்பர்:
பட்டியல் பல இடத்தில இருந்து சேத்ததோ? கொ-வை க, ொ எண்டும் எழுதலாம், க, ெ, ா எண்டும் எழுதலாம். திரையில வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டா வேற வேற. பட்டியலைச் சேமிக்கேக்கயே ஒருதரம் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை ஒரே குறியீட்டால எழுதவைக்கிற யூனிகோட் முறை) மாத்துங்கோ, கட்டைகளையும் அப்பிடியே. ஆனா கௌரவத்தை 'கெ', 'ள' எண்டு தட்டச்சு செய்திருந்தா என்எஃப்சி திருத்தாது. அதைத் தேடித்தான் மாத்தவேணும்.

ஸ்ரீ-யையும் பாருங்கோ. கேரக்டர்ஸ் அதை ஸ், ரீ எண்டு ரெண்டாத்தான் பிரிக்கும், க்ஷ-வும் அப்பிடியே. ஸ்ரீ, ஸ-விலயும் தொடங்கலாம், ஶ-விலயும் தொடங்கலாம். என்எஃப்சி அதுகளை ஒண்டாக்காது. தரம் 3க்கு அந்தச் சொற்களை இப்போதைக்கு எடுத்துவிடுங்கோ.