சிங்கப்பூர் – நியூயார்க்: தூரப்படி 17 மணி நேரம், டிக்கெட்டில் ஏன் 19?

கேள்வி:
தூரம் 15,350 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தான் ஆக வேண்டும். நேரடி விமானத்துக்கோ கிட்டத்தட்ட 19 மணி போட்டிருக்கிறது. இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.30-க்கு இறங்கினால் 6 மணிதானே? ஒன்றும் ஒட்டவில்லை.

திசைமானி:
தூரம் சரி. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் 104° கிழக்கு, நியூயார்க் 74° மேற்கு. உருண்டையில் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகும். 180-லிருந்து இரண்டு ஊரின் வட அட்சரேகைகளையும் (1.4°, 40.6°) கழித்தால் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 15,346.

ஆனால் அந்தக் கோட்டிலேயே பறப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம். தரை வேகம் அன்றைய காற்றின் கையில். நியூயார்க் போகும்போது பசிபிக் மேல் ஜெட் காற்றை (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று) முதுகில் வாங்கிக்கொண்டு சுற்றிப் போவது சகஜம். ஆயிரம் கி.மீ. கூடினாலும் எரிபொருள் மிச்சமாகும்.

டிக்கெட் நேரம் வாசல் விட்டு வாசல் சேரும் வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கடிகாரக் கணக்கு: குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி பின்னால். 6 + 13 = 19. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணிதான்; அப்போது அட்டவணையும் மாறும்.

மேகவழி:
துருவ வழியில் இன்னொரு சிக்கல், எரிபொருள் குளிர்ந்துபோவது. சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் உறைநிலை −47°, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-க்கு −40°. எனவே திரும்பும் பயணத்தில்தான் இந்தக் கவலை அதிகம். தொட்டியின் வெப்பநிலை உறைநிலைக்கு 3° மேலே நிற்க வேண்டும். நெருங்கினால் வெப்பமான உயரத்துக்கு இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். இரண்டுமே எரிபொருளைக் கூடுதலாகத் தின்னும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இடையில் ஓரிடத்தில் இறங்கி மாறினால் ரொம்பச் சுற்றா?

திசைமானி:
தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஃபிராங்க்பர்ட் வழி கிட்டத்தட்ட 16,500 கி.மீ. நேரத்தைத் தின்பது காத்திருப்புதான். சான் பிரான்சிஸ்கோ வழியென்றால் கவனம்: குடிவரவுச் சோதனை அங்கேயே. நியூயார்க் வரை டேக் போட்ட பெட்டியையும் பொதுவாக அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒன்றரை மணி இடைவெளியை நம்ப வேண்டாம். மூன்று மணியாவது வையுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் இன்னும் கூட்டுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது.

மேகவழி:
நேரடியில் போவதென்றால் இருக்கை வகையையும் பாருங்கள். நியூவார்க் (நியூயார்க்குக்குப் பக்கத்து விமான நிலையம்) போகும் ஏ350-900 யுஎல்ஆரில், அதாவது ஏ350-இன் மிக நீண்ட தூர வகையில், எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கை, பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்.