பேஸ்மேக்கர் நம் நாட்டில் அரிதா, ஆளைக் கண்டுபிடிப்பது அரிதா?

தண்டையார்பேட்டைக்காரர்:
எங்கள் தெருவின் அறுபது வீடுகளில் மூன்று பேர் நெஞ்சில் பேஸ்மேக்கரோடு, அதாவது மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியோடு, நடமாடுகிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். ஆகவே, இந்தியாவில் அது அரிது என்று வியாசர்பாடித் தம்பி இங்கே எழுதியதை ஏற்க இயலவில்லை. 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தியது சில மணி நேரமே ஓடியது. இன்று ஒரு பேட்டரி ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைக்கிறது. அரசு மருத்துவமனையிலும் பொருத்துகிறார்கள்.

வியாசர்பாடி வாசகன்:
ஐயா, ஒரு தெருவைக் கொண்டு நாட்டை அளக்க முடியாது. அதுவும் உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்களே அதிகம் என்று முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கெடுப்பின்படி, ஜெர்மனியில் பத்து லட்சம் பேருக்கு 927 என்ற விகிதத்தில் புதிதாகப் பொருத்தினார்கள். நம் விகிதம் அதன் அருகில்கூட இல்லை. பேஸ்மேக்கர் தேவைப்படுவோரில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். ஜெர்மானியரில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள், நம்மவரில் பாதிப் பேர் முப்பதைக்கூடத் தொடாதவர்கள் என்னும்போது எண்ணிக்கை குறைவாகத்தானே இருக்கும்?

ராயபுரம் ஈசிஜி:
வயதுதான் காரணமென்றால் ஜப்பான் அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்? முதியோர் மிகுந்த அந்நாடு, அதே கணக்கெடுப்பில் ஜெர்மனியின் பாதி விகிதத்தைக்கூட எட்டவில்லை. யாருக்கு ஈசிஜி எடுக்கிறார்கள், எந்த நிலையில் மருத்துவர் கருவியைப் பரிந்துரைக்கிறார், செலவை யார் ஏற்கிறார் என்பனவும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. காசிமேட்டில் மீன் ஏலத்தின்போது மயங்கி விழுந்த ஓர் அம்மாவை, பித்தம் என்று சொல்லி ஓரிடத்தில் இருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் ஈசிஜி எடுத்தபோது துடிப்பு நிமிடத்துக்கு 34. இதயத்தின் மேலறையிலிருந்து மின்தூண்டல் கீழறைக்கு இறங்கவே இல்லை. இதை இதய அடைப்பு என்பார்கள். (அடைப்பு என்றதும் ரத்தக் குழாயை விரிக்கும் ஸ்டென்ட் பற்றிப் பேச வேண்டாம், இது ரத்தக் குழாயில் அன்று, மின்பாதையில் வரும் தடை.) விட்டுவிட்டு வரும் தடை சில விநாடி ஈசிஜியில் பெரும்பாலும் சிக்காது. 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை உடலில் மாட்டியாக வேண்டும். மாட்ட ஒரு நாள், கழற்ற ஒரு நாள் என்று கூலியை இழந்து யார் வருவார்?

வியாசர்பாடி வாசகன்:
ஜப்பான் கணக்கு சரிதான். வயது மட்டுமே காரணம் என்ற பொருளில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆண்டுதோறும் பொருத்தப்படும் கருவிகள் வேறு, அவற்றோடு வாழ்பவர்கள் வேறு. நாட்டில் எவ்வளவு பரவல் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் எண்ண வேண்டும். மேலும், கண்டறியப்படாமலே இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டால், விடுபட்டவரை எதைக் கொண்டு எண்ணுவது?

தண்டையார்பேட்டைக்காரர்:
எனக்கு 2011இல் பொருத்தினார்கள், 2021இல் மாற்றினார்கள். விற்ற கருவிகளை எண்ணினால் நான் இரண்டு ஆள் ஆகிவிடுவேன், ஆகவே தம்பியின் அந்தக் கருத்தை ஒப்புக்கொள்கிறேன். சூட்டில் வெடிக்கும் என்பதால், தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி எடுக்கப்படுபவற்றையாவது ஒரு பதிவேட்டில் ஏற்றினால், வாழ்வோர் கணக்கிலிருந்து எங்களைக் கழிக்கவேனும் உதவும்.