மறு: ஒரு கலைஞரின் சொந்த ஆர்க்கைவ்: ‘கைத்திரட்டு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சீன நவீனக் கலை வரலாறு பற்றிய கட்டுரைகளுக்குச் சொற்பட்டியல் போடும்போது எழுந்த கேள்வி இது. ஒரு கலைஞர் வாழ்நாள் முழுக்கத் தானே சேர்த்து வைத்த புகைப்படம், அழைப்பிதழ், கத்தரித்த பத்திரிகைத் துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ஆர்க்கைவ்’ என்கிறார்கள்; தமிழில் என்ன பெயர்? இந்த இழையில் இதுவரை வந்தவை: தனியார் ஆவணக்காப்பகம், சொந்த ஆவணகம், நினைவுப் பெட்டகம்.

முதலாவது ஒத்துவராது. ‘தனியார்’ என்றதும் பேருந்தும் மருத்துவமனையும்தான் மனதில் வரும். ஆவணக்காப்பகம் என்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் அரசுக் கட்டடம். அரசு தன் அலுவலுக்காக எழுதியவை அங்கே இருக்கின்றன. ‘ஆவணகம்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அதுவும் இடத்தைத்தான் சொல்கிறது, சேர்த்த ஆளைச் சொல்லவில்லை. பெட்டகம் பூட்டி வைப்பதற்கானது. நமக்கு வேண்டிய பொருள் இவை எதிலும் இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். ஹா பிக் சுன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்து, 1957இல் ஹாங்காங் வந்தவர். காகிதப் பூ செய்து பிழைத்தவர். எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்காமல் சிற்பமும் அச்சோவியமும் தானாகவே கற்றுக்கொண்டார். 1960களிலிருந்து ஊரில் நடந்த கண்காட்சிகளுக்கெல்லாம் கேமராவோடு போனார். 2009இல் அவர் இறந்தபோது, தோ குவா வான் பகுதியில் இருந்த அவருடைய பட்டறை நிறைய அவர் எடுத்த படங்களும் சேர்த்த அச்சுப் பொருள்களும் இருந்தன. பிறகு ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற ஹாங்காங் நிறுவனம் அவற்றை வகைப்படுத்தி எண்மமாக்கத் தொடங்கியது.

அந்தப் பட்டறையின் காண்டாக்ட் ஷீட்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ஃபிலிம் சுருளின் படங்கள் எல்லாம், நெகட்டிவ் அளவிலேயே, ஒரே தாளில் வரிசையாக அச்சாகியிருக்கும். கண்காட்சிப் பட்டியல் நூலில் ஓவியம் மட்டும்தான் இருக்கும். சுவரும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். இந்தத் தாளிலோ எந்த ஓவியம் எதற்குப் பக்கத்தில் தொங்கியது, திறப்பு விழாவுக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் ஒன்றையடுத்து ஒன்றாகத் தெரியும். எடுத்தவரின் கண் எங்கே நின்றது, எதைத் திரும்பப் போய்ப் பார்த்தது என்பதும் தெரியும். எனக்கு இதுதான் பெரிது.

சீன நவீனக் கலையின் கதையைப் பொதுவாக எப்படிச் சொல்கிறார்கள்? மாவோ காலத்துப் பிரசார ஓவியம், 1979இல் பெய்ஜிங் கலைக்கூடத்தின் வேலியில் படங்களை மாட்டிய ‘நட்சத்திரங்கள்’ குழு, 1985இல் இளம் கலைஞர்கள் எழுப்பிய ‘புதிய அலை’ இயக்கம், அந்தப் புதுக்கலையைப் பெய்ஜிங்கில் காட்டிய 1989 பிப்ரவரிக் கண்காட்சி. எல்லாம் சீனப் பெருநிலத்திலேயே நடக்கின்றன. அதே ஆண்டுகளில் ஹாங்காங்கில் லூய் ஷவு குவான் போன்ற ஓவியர்கள் மை ஓவியத்தை அருவத்தின் பக்கம் கொண்டுபோய்க் கொண்டிருந்தார்கள். 1962இல் திறந்த சிட்டி ஹால் கலைக்கூடத்தில் கண்காட்சிகள் நடந்துகொண்டிருந்தன. அந்தக் கதையில் இவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு. ஹாவின் தாள்களை வரிசையாகப் பார்த்தால் அந்த அடிக்குறிப்பு ஓர் அத்தியாயமாக விரியும். யாரும் கேட்காமல், சம்பளம் வாங்காமல் ஒருவர் செய்து வைத்த வேலை இது.

அவர் சேர்த்ததோடு நிற்கவுமில்லை. பத்திரிகைப் படங்களை வெட்டிப் புத்தகங்களில் ஒட்டி ஒட்டுப்பட நூல்களாகவே ஆக்கினார். அவை ஆவணமா, படைப்பா? இரண்டும்தான். ‘ஆவணம்’ என்ற சொல்லில் பத்திரம், சாட்சி என்ற வாடை இருப்பதால் அதை வைத்துக்கொண்டு இந்த இடத்தைத் தாண்ட முடியாது.

ஆகவே என் பரிந்துரை: கைத்திரட்டு. கைப்பிரதி, கையெழுத்துபோல ‘கை’ என்பது ஒரு தனி ஆளின் உழைப்பைச் சொல்லிவிடுகிறது. ‘திரட்டு’ வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘ஹா நாற்பது ஆண்டுக்கு மேல் திரட்டினார்’, ‘ஹாவின் கைத்திரட்டு’, ‘கைத்திரட்டாளர்’ என்று எல்லா வடிவமும் இயல்பாக அமைகின்றன. நிறுவனத்துக்கு ஆவணகம் என்பதே இருக்கட்டும். ‘ஹாவின் கைத்திரட்டை ஓர் ஆவணகம் எண்மமாக்கத் தொடங்கியது’ என்று எழுதினால் குழப்பமில்லை.

வலைப்பதிவுத் திரட்டிகளோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ‘திரட்டி’, பல பதிவுகளைத் தானாகவே ஓரிடத்தில் சேர்க்கும் கருவி. இது ‘திரட்டு’. தனிப்பாடல் திரட்டு படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. முன்னால் ‘கை’யும் நிற்பதால் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன்.

‘தன்திரட்டு’ என்று சொன்னால் என்ன என்றும் யோசித்தேன், எனக்கு ஒட்டவில்லை. தன்னைப் பற்றித் திரட்டியது என்று பொருள்பட்டுவிடும். ஹா திரட்டியதில் பெரும்பகுதி மற்றவர்களின் ஓவியம், மற்றவர்களின் முகம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். காண்டாக்ட் ஷீட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.