விமான எஞ்சின் ஷாப்புல மறக்க முடியாதது எது?

லோயாங்காரன்:
ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சரிபார்ப்பது என்றதும் எல்லாரும் ஸ்பேனர், கிரேன் என்றுதான் நினைக்கிறார்கள். பிரித்துப் போடுவது சீக்கிரம் முடிந்துவிடும். பிரித்ததைக் கழுவி, விரிசல் தேடி, அளந்து, பேப்பர் ஒர்க் முடிப்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

நான் சிங்கப்பூரில் பெனிட்ரன்ட் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கழுவிய டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கும் சக்கரம்) மேல் ஒளிரும் திரவத்தைப் பூசி ஊற விடுவோம். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிவிடும். மேலே ஒட்டியதை அலசி, காயவைத்து, வெள்ளைப் பொடி தூவினால் உள்ளே இறங்கியது மெல்லக் கசிந்து வெளியே வரும். அடுத்து இருட்டறை, புற ஊதா விளக்கு. உள்ளே போன உடனே வேலையைத் தொடங்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகக் குறைந்தது ஒரு நிமிஷமாவது சும்மா நிற்கணும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருந்தால் கழற்று என்பார்கள்.

விரிசல் என்றால் மஞ்சள் பச்சையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். துணியிலிருந்து பிரிந்த நூல் ஒட்டியிருந்தாலும் அப்படியேதான் மின்னும். சால்வென்ட் தொட்ட பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, மறுபடி பொடி. கோடு திரும்பி வந்தால் அந்த டிஸ்க்குக்கு நேரம் சரியில்லை.

புதுப் பையன்களுக்கு எங்கள் சீனியர் முதலில் சொல்வது 1989 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த சூ சிட்டி விபத்து. யுனைடெட் ஏர்லைன்ஸின் 232ஆம் ஃபிளைட், டிசி-10 விமானம். வால் எஞ்சினின் ஃபேன் டிஸ்க் பறக்கும்போதே உடைந்து, விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் சிஸ்டத்தையும் காலி பண்ணிவிட்டது. 296 பேரில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டைட்டானியத்தை உருக்கிய காலத்திலேயே உள்ளே தங்கிவிட்ட குறை; அதிலிருந்து விரிசல் வருஷக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. 1988இல் அதே டிஸ்க் இதே பெனிட்ரன்ட் சோதனையைத் தாண்டித்தான் வெளியே போனது. அப்போதே விரிசல் ஏறக்குறைய அரை அங்குலம் இருந்திருக்கும் என்பது விசாரணையில் போட்ட கணக்கு. அரை அங்குலம்! அன்று சோதித்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நூறு டிஸ்க் சுத்தமாக வந்தால் அடுத்ததும் சுத்தம்தான் என்று கண் தானாகவே முடிவு கட்டிவிடும்.

நைட்ஷிஃப்ட்:
நான் அசெம்பிளி பக்கம். சிஎஃப்எம்56-7பி எஞ்சின்ல ஃபேன் பிளேடு 24. ஒவ்வொண்ணுக்கும் மொமன்ட் வெயிட் (கனமும் அது மையத்திலிருந்து இருக்கிற தூரமும் சேர்ந்த கணக்கு) எடுத்து, எதிரெதிரா கனம் ஒத்து வர்ற மாதிரி வரிசை போட்டு மாட்டுவோம். அது சுகமான வேலை. ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடியுற நேரம், டூல் போர்டுல குட்டி சாக்கெட் ஒண்ணோட இடம் காலி. எஞ்சினுக்குள்ள விழுந்திருந்தா? அவ்வளவுதான், ஒருத்தரும் வீட்டுக்குப் போகலை. போர்ஸ்கோப் (உள்ளே நுழைச்சுப் பார்க்குற மெல்லிய கேமரா) விட்டுப் பார்த்தோம், குப்பைத் தொட்டியைக் கொட்டினோம், ஆளாளுக்கு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினோம். விடியுற நேரம் பார்ட்ஸ் ட்ராலியில விரிச்சிருந்த ஃபோமுக்கு அடியில அகப்பட்டுச்சு. எஞ்சின் எப்போ வரும்னு கஸ்டமர் தினம் கேட்டுட்டிருந்தார். ஆனா சீக்கிரம் மூடுங்கன்னு எந்த மேனேஜரும் அன்னிக்கு வாயைத் திறக்கலை. அதுக்காகவே அங்கேயே இருந்துட்டேன்.

டெஸ்ட்செல்:
லோயாங்கார அண்ணே, நீங்க பாஸ் பண்ணினதெல்லாம் கடைசியில ஓட்டிப் பார்க்க எங்ககிட்டதான் வருது. டேக்-ஆஃப் பவர்ல ஓட்டும்போது கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சுக்குள்ள அதிரும். நாங்க கண்ணு வைக்கிறது ஈஜிடி மார்ஜின்ல. எக்ஸாஸ்ட் சூடு ரெட்லைனுக்கு, அதாவது தாண்டக் கூடாத உச்ச வரம்புக்கு, எத்தனை டிகிரி கீழே நிக்குதுன்னு பார்க்கணும். டர்பைன் பிளேடு நுனிக்கும் அதைச் சுத்தியிருக்கிற ஷ்ரவுடு வளையத்துக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் கூடினாலே அந்த மார்ஜின் கரைஞ்சிடும். மார்ஜின் பத்தலைன்னா நைட்ஷிஃப்டுக்குத்தான் முதல் போன். எடுங்கப்பா, சைலன்ட்ல போட்டுடாதீங்க.