பிடிஎஃப் அனுப்பினால் டிஜிட்டல் இதழ் ஆகிவிடுமா?

பக்கஎண்: "இனி டிஜிட்டலிலும் வருகிறோம்" என்ற அறிவிப்பை நம்பி ஓர் இலக்கிய இதழுக்குச் சந்தா கட்டினேன். வந்தது அச்சுக்குப் போன அதே பிடிஎஃப். இரண்டு பத்தி போட்ட பக்கத்தை மின்நூல் படிக்கும் கருவியின் ஆறு அங்குல ஈ-இங்க் திரையில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது, பெரிதாக்கினால் பாதி வரிதான் நிற்கிறது, மீதியைப் பார்க்கத் தள்ளும்போதெல்லாம் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கிறது. ஒரு சிறுகதையை நாலு பக்கம் வரை இப்படித் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். மின்நூலுக்கென்றே உள்ள ஈபப் கோப்பு வடிவம் 2007லேயே வந்துவிட்டது, அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலும் அதே வருடம்தான். இன்னும் என்ன தயக்கம்?

வரிமுறி: கவிதைதான் தயக்கம். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். கதைக்கு நல்லது. கவிதையில் எழுதியவர் முறித்த வரி எது, திரை முறித்தது எது என்றே தெரியாமல் போகும். என் கவிதை ஒன்று எட்டு வரி, திரையில் பதின்மூன்றாக வந்தது. கடைசியில் தனியாக நிற்கவேண்டிய ஒற்றைச் சொல், மடங்கி விழுந்த துண்டுகளோடு இன்னொரு துண்டாகக் கிடந்தது. பிடிஎஃப் தொல்லைதான், ஆனால் நான் எழுதியதை மாற்றாது.

பக்கஎண்: மடங்கிய பகுதி உள்தள்ளித் தெரியும்படி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமொழியான சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. அச்சிலும் நீளமான வரியை அப்படித்தானே போடுகிறார்கள்? இது வடிவமைப்பாளரின் சோம்பல்.

வரிமுறி: வடிவமைப்பாளரா, எந்தச் சிற்றிதழில்? ஆசிரியரே மெய்ப்புப் பார்த்து உறையில் முகவரியும் எழுதுகிறார், இதில் சிஎஸ்எஸ் வேறா?

தபால்தலை: நடுவில் நுழைகிறேன். வடிவத்தைவிட எனக்குப் பயம் கடைதான். கிண்டிலில் தனித்தனி இதழ்களுக்குச் சந்தா விற்பதை அமேசான் 2023இல் நிறுத்திவிட்டது. சந்தாதாரர் பட்டியலும் கடைக்காரர் கையில் இருந்தால், கடை மூடிய மறுநாள் யாருக்கு எழுதிச் சொல்வது?

பக்கஎண்: அதனால்தான் ஈபப் என்கிறேன். அது திறந்த வடிவம், எந்தக் கடையும் தேவையில்லை, இதழே நேராக மின்னஞ்சலில் அனுப்பலாம். அப்படி வரும் ஈபப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதியும் 2022இலிருந்து இருக்கிறது.

வரிமுறி: சரி, கதை கட்டுரைக்கு ஒத்துக்கொள்கிறேன். கவிதைப் பக்கங்களை மட்டும் படமாக வைத்துவிட்டால்?

பக்கஎண்: அப்புறம் எழுத்தளவை மாற்ற முடியாது, தேட முடியாது, கண் தெரியாதவர்கள் கேட்டுப் படிக்கவும் முடியாது. அந்த எட்டு வரியை அனுப்புங்கள், இன்றிரவே ஈபப்பாகச் செய்து தருகிறேன். எந்த அளவு எழுத்தில் படிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள், அதில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வரிமுறி: அனுப்பிவிட்டேன். எழுத்து... இருப்பதிலேயே பெரியதுக்கு ஒன்று கீழே. சிரிக்காதீர்கள், கண்ணாடி மாற்றவேண்டும்.